இரும்பு இரைச்சலை இசை என்றவர்கள்!

லண்டனைக் கலக்கிய நால்வர் கோஷ்டி

1976-ம் ஆண்டு, அக்டோபர் மாதம். தொழிற்சாலைகளின் தாயகம் என்று பெயர் பெற்ற பிரிட்டனுக்கு அப்போது பெரும் பணமுடை. பவுன் மதிப்பு சரிந்துவிட்டது. சர்வதேச நாணய நிதியிடம் 390 கோடி டாலர் கடன் கேட்டு நின்றது.

அந்த நேரத்தில்தான் லண்டனில் ஒரு கண்காட்சி திறக்கப்பட்டது. இடம், பக்கிங்ஹாம் அரண்மனைக்குப் போகும் சாலையில் உள்ள கலைக்கழகம். கண்காட்சியின் பெயர் என்ன தெரியுமா? "விபசாரம்"!

கோசி பானி டுட்டி என்ற பெண், ஆபாசப் பத்திரிகைகளில் வந்த தன் படங்களையே கலைப்பொருளாக வைத்திருந்தார். திறப்பு நாளில் அவருடைய கோஷ்டி வாசித்தது. ராகம் இல்லை. இயந்திரம் உறுமுவதுபோல் ஓர் ஓசை. கோஷ்டியின் பெயர் "திராபிங் கிரிசில்".

கன்சர்வேடிவ் கட்சி பார்லிமெண்டு மெம்பர் நிக்கலஸ் பேர்பேர்ன் கொதித்தார். "இவர்கள் நாகரிகத்தை நாசம் செய்பவர்கள்" என்றார். வரிப்பணத்தில் இவர்களுக்கு மானியமா என்று கூச்சல் எழுந்தது.

கடன் வாங்கும் வீட்டில் கச்சேரி எதற்கு என்று நாலுபேர் கேட்கத்தான் செய்வார்கள். ஆனால் கோஷ்டியார் அசரவில்லை. தங்களைத் திட்டிய பத்திரிகைகளைக் கத்தரித்து, கண்காட்சியிலேயே மாட்டிவிட்டார்கள்!

நால்வர் யார்?

1975-ல் தொடங்கிய கோஷ்டி இது. பாடியவர் ஜெனசிஸ் பி ஆரிட்ஜ். கித்தார் வாசித்தவர் கோசி. கிறிஸ் கார்ட்டர் மின்சாரக் கருவிகளைத் தானே செய்யும் கைகாரர். இசைத்தட்டு உறைகளுக்குப் படம் அமைத்தவர் பீட்டர் கிறிஸ்டோபர்சன். ஒலிநாடாக்களை ஓடவிடுவது அவர் வேலை.

ஹாக்னி வட்டாரத்தில் ஒரு தொழிற்சாலைக் கட்டிடத்தின் நிலவறைதான் அவர்கள் கூடம். அதற்கு அவர்கள் இட்ட பெயர் "மரணத் தொழிற்சாலை". சொந்தக் கம்பெனியும் தொடங்கினார்கள். 1977-ல் வந்த முதல் பெரிய இசைத்தட்டுக்கு "இரண்டாவது ஆண்டு அறிக்கை" என்று பெயர்! முதலில் அச்சானது 785 தட்டுகளே.

கம்பெனியின் முத்திரையோ வேறு விஷயம். அது ஆஷ்விட்ஸ் கொலைமுகாமின் பிணம் எரிக்கும் கூடத்தின் படம். மனிதனைக் கொல்வதையும் ஆலைத் தொழில்போல நடத்திய காலத்தை நினைவூட்டுகிறது என்று வாதாடலாம். இருந்தாலும், மாண்டவர்களின் சாம்பலை வியாபார முத்திரையாக்கியது தகாது.

அடங்கிய ஆலைகள்

1980-ல் பிரிட்டிஷ் இரும்பாலைத் தொழிலாளர்கள் 13 வாரம் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதே ஆண்டில் கான்செட் இரும்பாலை மூடப்பட்டது. 1982 ஜனவரியில் வேலையில்லாதோர் தொகை 30 லட்சத்தைத் தாண்டியது.

ஊரில் ஆலைச் சத்தம் அடங்கிக்கொண்டிருந்தது. இசைத்தட்டிலோ அதே சத்தம் விற்றது! ஆனால் அது கூலிக்கும் வேலைக்கும் போராடிய பாட்டு அல்ல. வேலை இழந்தவனுக்கு அதனால் ஆறுதலும் இல்லை. இயந்திர யுகத்தின் பயங்கரத்தைக் காதில் அறைந்து சொன்னது, அவ்வளவுதான்.

கோஷ்டியும் நீடிக்கவில்லை. ஜெனசிசோடு வாழ்ந்த கோசி, கார்ட்டரோடு சேர்ந்துவிட்டார். மனக்கசப்பு முற்றியது. 1981 மே 29-ந் தேதி சான்பிரான்சிஸ்கோவில் கடைசிக் கச்சேரி. அடுத்த மாதம் ரசிகர்களுக்குத் தபால் கார்டு போயிற்று: "பணி முடிந்தது."

ஆறே ஆண்டுகள்! ஆனால் இவர்கள் வைத்த பெயர் கடல் தாண்டியது. அமெரிக்கக் கோஷ்டிகள் இந்த இரைச்சலோடு ராக் கித்தாரையும் தாளத்தையும் சேர்த்தன. "இண்டஸ்ட்ரியல் ராக்" பிறந்தது. இரும்பு நகரமான கிளீவ்லண்டில் தோன்றிய "நைன் இன்ச் நெயில்ஸ்" 1994-ல் வெளியிட்ட இசைத்தொகுப்பு பல லட்சக்கணக்கில் விற்றது.

நால்வரும் 2004-ல் மீண்டும் கூடினார்கள். 2010-ல் ஜெனசிஸ் விலகினார். அடுத்த மாதமே கிறிஸ்டோபர்சன் காலமானார். ஜெனசிசும் 2020-ல் மறைந்தார்.

கோசி பிறந்த ஊர் ஹல் துறைமுகம். 2017-ல் அது பிரிட்டனின் கலாசார நகரமாகக் கொண்டாடப்பட்டது. அந்த ஆண்டு விழாவில், பொதுப் பணத்திலேயே, "நாகரிகத்தை நாசம் செய்தவர்களின்" பழைய படங்களும் காகிதங்களும் காட்சிக்கு வைக்கப்பட்டன. கோசியும் அதில் பங்குகொண்டார்.