ரவுட்டருக்கும் காலாவதி தேதி வேண்டும்

வீட்டு வைஃபை ரவுட்டரின் ஃபர்ம்வேர் (அதை இயக்கும் உள் மென்பொருள்) புதுப்பிப்பு பாதியில் நின்றால், பழி பயனர் தலையில்தான் விழுகிறது. நடுவே மின்சாரம் போனது, வன்பொருள் பதிப்புக்குப் பொருந்தாத கோப்பை ஏற்றியது போன்ற காரணங்கள் உண்மைதான். ஆனால், பழைய கருவிகள் பலவற்றுக்கு ஏற்றுவதற்குப் புதிய கோப்பே வருவதில்லை. தயாரிப்பாளர் எப்போது கைகழுவினார் என்பது வாங்கியவருக்குத் தெரிவதும் இல்லை. இதன் விளைவு வீட்டோடு நிற்காது. 2024 ஜனவரியில் அமெரிக்க நீதித்துறை முடக்கியதாக அறிவித்த 'கேவி' பாட்நெட்டில் (பிறரைத் தாக்குவதற்காக ஊடுருவல்காரர்கள் கைப்பற்றிய கருவிகளின் வலை) சிக்கியிருந்தவை பெரும்பாலும் ஆதரவுக் காலம் முடிந்த சிஸ்கோ, நெட்கியர் ரவுட்டர்களே.

காலமெல்லாம் புதுப்பிப்பு தர முடியாது என்று நிறுவனங்கள் சொல்வதில் நியாயம் உண்டு. 4 எம்பி ஃபிளாஷ் நினைவகத்தில் இன்றைய மென்பொருள் அடங்காது. ரவுட்டர்களுக்கான திறந்தமூல மென்பொருளான ஓபன்டபிள்யூஆர்டியும் அத்தகைய கருவிகளுக்கான ஆதரவை நிறுத்திவிட்டது. ஆகவே, நாம் கேட்க வேண்டியது ஒரு தேதியை மட்டும்தான். பாதுகாப்புப் புதுப்பிப்பு எதுவரை கிடைக்கும் என்பதைத் தயாரிப்பாளர் வெளியிட்டாக வேண்டும் என்ற சட்டம் பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் நடப்பில் உள்ளது. விலை ஏறும் என்பது சாக்கு. தேதியை அச்சிடப் பெரும் செலவில்லை. மருந்து அட்டையில் காலாவதி தேதியைக் கட்டாயமாக்கியிருக்கும் இந்திய அரசு, ரவுட்டர் பெட்டியிலும் அதைக் கட்டாயமாக்க வேண்டும்.