தோற்ற ஆட்டத்தைத் திரும்பப் பார்த்தல்

இணையத்தில் சதுரங்கம் ஆடுவோரில் நம்மைப் போன்றவர்கள் ஏராளம். தரப்புள்ளி 1000ஐத் தொடும். மறுவாரம் 850க்கு வழுக்கும். அங்கேயே ஆண்டுக்கணக்கில் ஊசலாடும். இரவு உணவுக்குப் பின் ‘ஓர் ஆட்டம் மட்டும்’ என்று அமர்ந்து, தோற்று, இழந்ததை மீட்க இன்னோர் ஆட்டம் தொடங்கி, நள்ளிரவில் கசப்போடு எழுந்து போகும் அனுபவம் நம்மில் யாருக்கு இல்லை? ‘இதற்கெல்லாம் தனி மூளை வேண்டும்’ என்று ஒருநாள் முடிவு கட்டிவிடுகிறோம். அம்முடிவு பிழையானது என்றே நமக்குப் படுகிறது. கீழ்த்தரவரிசையில் இருப்பவரிடம் குறைவாக இருப்பது, தன் தோல்வியைத் திரும்பப் பார்க்கும் துணிவு.

முதலில் அந்த எண்ணைப் பற்றிச் சற்றுச் சொல்ல வேண்டும். ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் இயற்பியல் பேராசிரியராக இருந்த அர்பாத் எலோ வகுத்த கணக்கு முறையை உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு 1970இல் ஏற்றுக்கொண்டது. இன்றைய இணையத் தளங்கள் அதையோ அதன் வழிவந்த முறைகளையோ கையாள்கின்றன. அது அறிவை அளக்கும் கோல் அன்று. இருவர் மோதினால் யார் எவ்வளவு பெறக்கூடும் என்னும் எதிர்பார்ப்பு மட்டுமே. நம்மைவிட 200 புள்ளிகள் மேலிருப்பவர் நான்கு ஆட்டங்களில் ஏறத்தாழ மூன்று புள்ளிகளையும், 400 மேலிருப்பவர் பதினொன்றில் பத்தையும் எடுப்பார் என்பது கணக்கு. லிசெஸ் தளம் புதியவருக்கு 1500இல் கணக்கைத் தொடங்குகிறது. வேறு தளங்களின் தொடக்க எண் வேறு. ஆகவே ஒரு தளத்தின் எண்ணை இன்னொன்றோடு ஒப்பிட்டு மகிழ்வதும் வருந்துவதும் வீண்.

சரி, நாம் ஏன் தோற்கிறோம்? திறப்பாட்டம் தெரியாததால் என்று நம்புகிறோம். சிசிலியன், காரோ-கான் என்று பெயர்களைத் தேடிப் படிக்கிறோம். பத்து நிமிடத்தில் வெற்றி தரும் பொறிகளைக் கற்பிக்கும் காணொளிகளில் மாலைகளைக் கழிக்கிறோம். எதிராளியோ ஐந்தாம் நகர்த்தலிலேயே புத்தகத்தை விட்டு விலகிவிடுகிறார். நம் படிப்பு அங்கே நின்று போகிறது. தோற்ற ஆட்டங்களை ஒருமுறை பொறுமையாக ஓட்டிப் பார்த்தபோது நமக்கு வெட்கமே மிஞ்சியது. பெரும்பாலானவற்றில் நுட்பமான தவறு எதுவுமில்லை. காவலின்றி நின்ற குதிரையைக் கவனிக்கவில்லை. எதிராளியின் மந்திரி எங்கே குறி வைக்கிறது என்று பார்க்கவில்லை. கிடைத்த சிப்பாயை வெட்டும் ஆசையில் ராணியைப் பறிகொடுத்தோம். அவ்வளவுதான்.

இது கீழ்நிலையின் சாபம் என்றும் எண்ண வேண்டாம். 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் உலகப் பட்டத்துக்கான பதினான்காம் ஆட்டம். சமனை நோக்கிப் போய்க்கொண்டிருந்த நிலையில் டிங் லிரென் தம் 55ஆம் நகர்த்தலில் யானையை ஒரு கட்டத்தில் வைத்தார். யானைகளும் மந்திரிகளும் வெட்டுப்பட்டு, மீளமுடியாத சிப்பாய் முடிவாட்டத்துக்கு அது வழிவிட்டது. சென்னையின் குகேஷ் பதினெட்டு வயதில் உலக வாகையரானார். உச்சியிலிருப்பவருக்கு எப்போதோ நேர்வது நமக்கு ஒவ்வோர் ஆட்டத்திலும் நேர்கிறது. வேறுபாடு அந்த எண்ணிக்கையில்தான்.

‘அவர்களுக்குப் பிறவியிலேயே நினைவாற்றல் அதிகம்’ என்பாரும் உண்டு. 1973இல் வில்லியம் சேஸும் ஹெர்பர்ட் சைமனும் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல மறுமொழி. உண்மை ஆட்டத்திலிருந்து எடுத்த ஒரு நிலையை ஐந்து விநாடி காட்டி மறைத்தால், தேர்ந்த ஆட்டக்காரர் புதியவரைவிட மிகுதியான காய்களைச் சரியாக வைத்தார். காய்களை ஒழுங்கின்றி இறைத்து வைத்தபோதோ அந்த மேன்மை ஏறக்குறைய மறைந்துவிட்டது. அவர் கண்டு பழகியவை வடிவங்கள். ஒரே குதிரை ராஜாவையும் யானையையும் ஒருசேரத் தாக்கும் வடிவம், விலகினால் பின்னிற்கும் ராணி விழும் என்பதால் அசையமுடியாமல் நிற்கும் காயின் வடிவம். இவை பழக்கத்தால் வருபவை. நாளும் பத்துப் பதினைந்து எளிய புதிர்களை, நேரம் பாராமல், விடை முழுதாகத் தெரியும்வரை கையை அசைக்காமல் செய்து வந்தால் நமக்கும் வரும்.

ஆனால் புதிர் மட்டும் போதாது. மிகாயில் போத்வின்னிக் தம் மாணவர்களிடம் விடாது வற்புறுத்தியது சொந்த ஆட்டங்களை ஆராய்வதைத்தான். அவர் வாழ்க்கையே அதற்குச் சான்று. 1957இல் ஸ்மிஸ்லோவிடம் பட்டத்தை இழந்து 1958இல் மீட்டார். 1960இல் இளைஞர் தாலிடம் இழந்து, ஐம்பதைத் தொடும் வயதில், 1961இல் மீண்டும் மீட்டார். இரண்டு முறையும் இடையில் ஓராண்டு இருந்தது. நாமோ தோற்ற மறுவிநாடி ‘மறு ஆட்டம்’ என்ற பொத்தானை அழுத்துகிறோம்.

எனவே நாம் சொல்லக்கூடிய வழி மிக எளியது. மூன்று நிமிட ஆட்டங்களை விடுத்துப் பதினைந்து நிமிட ஆட்டங்களை ஆடுவோம். ஒவ்வொரு நகர்த்தலுக்கு முன்னும் எதிராளி என்ன செக் வைக்கலாம், எதை வெட்டலாம், எதை மிரட்டுகிறார் என்று கேட்போம். அடுத்தடுத்து இரண்டு தோற்றால் அன்றைக்கு எழுந்துவிடுவோம். தோற்ற ஆட்டத்தை முதலில் நாமே ஓட்டிப் பார்த்து, எங்கே தவறினோம், அப்போது என்ன நினைத்தோம் என்று ஒரு வரி எழுதிய பிறகே கணிப்பொறியிடம் கேட்போம். உடனே அதன் தீர்ப்பைப் பார்ப்பது கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்து விடையைப் பார்ப்பது போன்றது. விடை கிடைக்கும், கணக்கு வராது.

‘விளையாட்டுக்கு இவ்வளவு பாடா?’ என்று நண்பர்கள் கேட்கக்கூடும். பொழுதுபோக்காக ஆடி மகிழ்வோருக்கு இவை எதுவும் தேவையில்லை. அவர்களே பேறு பெற்றவர்கள். தோல்வி உறுத்தி உறக்கம் கெடுபவர்களுக்கே இது. அந்த உறுத்தல்தான் சிலரை ரகசியமாகக் கணிப்பொறியின் துணையோடு ஆடவும் தூண்டுகிறது. அதன் பிறகு ஏறும் எண் யாருடையது?

கடைசியாக ஒன்று. இணையத் தளம் நமக்கு நிகரானவரையே எதிரில் அமர்த்துகிறது. ஆகவே 1000இல் நிலைத்திருக்கும்போது ஏறத்தாழ எத்தனை ஆட்டங்கள் தோற்போமோ, 1500இல் நிலைபெற்ற பின்னும் அத்தனை தோற்போம். எவ்வளவு ஏறினாலும் தோல்வி உடன்வரும். தோற்காதிருக்கும் நாளுக்காகக் காத்திருப்பவர் என்றும் ஏமாறுவார். சென்ற மாதம் தோற்ற காரணத்தால் இந்த மாதம் தோற்கவில்லை, புதிதாக ஒரு காரணத்தால் தோற்றோம் என்றால், நாம் முன்னேறியிருக்கிறோம். அதை எந்தத் தரப்புள்ளியும் காட்டாது. நாம் எழுதிவைத்த அந்த ஒற்றை வரிகள் காட்டும்.