வக்காலத்தை மறுப்பது யார் உரிமை?

"கொடூரக் குற்றவாளிக்கு எங்கள் ஊர் வழக்கறிஞர் யாரும் ஆஜராக மாட்டார்கள், மறுப்பது அவர்கள் உரிமை" என்கிறார்கள்.

ஒன்று: அரை உண்மை. தகுதிக்கேற்ற கட்டணம் கிடைத்தால் வழக்கை ஏற்கவேண்டும் என்பதே இந்திய பார் கவுன்சில் விதி. சிறப்புக் காரணம் இருந்தால் மறுக்கலாம். தானே சாட்சியாக நேரும் என்றால் ஏற்கவே கூடாது.

இரண்டு: தனி ஆள் மறுப்பது வேறு, சங்கம் கூடித் தடுப்பது வேறு. வழக்கறிஞர்களோடு மோதிய வழக்கில் காவலர்களுக்கு யாரும் ஆஜராகக் கூடாதென்று கோவையில் சங்கம் தீர்மானம் போட்டது. (பாதிக்கப்பட்டவரே கதவையும் சாத்துவாராம்!) இப்படிப்பட்ட தீர்மானங்கள் செல்லாது என்று 2010இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. விரும்பிய வழக்கறிஞரை வைத்து வாதாடும் உரிமை தரும் அரசமைப்பின் 22(1)ஆம் பிரிவு பிறகு எதற்கு இருக்கிறது?

மூன்று: "குற்றவாளி" என்று தீர்ப்பெழுதியது யார், சங்கக் கூட்டமா? மும்பைத் தாக்குதல் வழக்கில் கசாபுக்கும் வழக்கறிஞர் வாதாடினார். அதனால் 2012இல் தூக்கு நின்றுவிட்டதா?