கடைசியாக வருபவரின் பெயரும் கொப்பியில் வேண்டும்

எமது கிராமங்களில் ஓட்டப் போட்டி ஆண்டுக்கு ஒருமுறை வருவது. தைப்பொங்கலுக்கோ சித்திரைப் புத்தாண்டுக்கோ விளையாட்டுக் கழகம் ஒன்று மரதன் ஓட்டம் வைக்கும். இளைஞர்கள் சிலர் ஓடுவார்கள். மற்றவர்கள் வேலியோரம் நின்று பார்ப்போம். முதல் மூவருக்குக் கிண்ணம், வந்த பிரமுகர்களுக்கு மாலை, அதன்பின் பேச்சு. அத்தோடு எல்லாம் முடிந்துவிடும். நாலாவதாக வந்த பிள்ளை யார் என்று மறுவாரம் கேட்டால் எவருக்கும் தெரியாது. எங்கும் எழுதி வைக்கப்படவில்லை.

இதற்கு மாறான ஒரு வழக்கம் உலகின் பல நாடுகளில் வேரூன்றியிருக்கிறது. வாரந்தோறும் ஒரே நாளில், ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் ஊரார் கூடி 5 கிலோமீற்றர் ஓடுகிறார்கள். ஓட முடியாதவர்கள் நடக்கிறார்கள். கட்டணம் இல்லை, பணப்பரிசு இல்லை. ஆனால் வந்த ஒவ்வொருவருடைய பெயரும் நேரமும் பதியப்படுகின்றன. இது கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி போன்ற எமது ஊர்களுக்கும், அங்கிருந்து இடம்பெயர்ந்து வேறிடங்களில் வாழும் எமது குடும்பங்களுக்கும் பொருந்துமா? பொருந்தும் என்பதே எமது கருத்து. ஏன் என்பதை இங்கு சொல்ல விரும்புகிறோம்.

பதின்மூன்று பேரோடு தொடங்கியது

2004 ஒக்டோபர் 2ஆந் திகதி சனிக்கிழமை, இலண்டனில் உள்ள புஷி பூங்காவில் 13 பேர் 5 கிலோமீற்றர் ஓடினார்கள். அதை ஒழுங்கு செய்தவர் போல் சின்டன்-ஹியூவிட் என்பவர். உடலில் ஏற்பட்ட காயத்தால் அவருக்கு அப்போது ஓட முடியவில்லை. ஓட்டத் தோழர்களோடு உள்ள தொடர்பு அறுந்து போகக் கூடாது என்பதற்காகவே அவர் இதைத் தொடங்கினார். அன்று அவர் ஓடவில்லை, நேரம் பார்த்து நின்றார். இலக்கம் குறிக்கும் வில்லைகளாக இரும்புக்கடையில் வாங்கிய வாசர்களைப் பயன்படுத்தினார்கள். பெறுபேறுகளைக் கடதாசியில் எழுதினார்கள்.

அந்தச் சிறு கூட்டம் இன்று ‘பார்க்ரன்’ என்ற பெயரில் இருபதுக்கு மேற்பட்ட நாடுகளில், இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட இடங்களில் நடக்கிறது. 2011இல் தென்னாபிரிக்காவுக்கு அதைக் கொண்டு சென்றவர் புரூஸ் போர்டைஸ். ஏறத்தாழ 90 கிலோமீற்றர் நீளமான கொம்ரேட்ஸ் ஓட்டத்தில் ஒன்பது முறை வென்ற வீரர் அவர். அப்படிப்பட்டவர் தமது நாட்டு மக்களுக்குக் கொடுத்தது வீரர்களுக்கான இன்னொரு போட்டியை அல்ல. பாட்டியும் பேரனும் சேர்ந்து நடக்கக்கூடிய ஒரு காலைப்பொழுதையே கொடுத்தார். 2017இல் இங்கிலாந்தின் ஹாவரிக் சிறைச்சாலைக்குள்ளும் இது தொடங்கியது. வெளியே போக முடியாதவர்கள் மதிலுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி ஓடினார்கள். முட்கம்பி வேலிக்குள் நாட்களை எண்ணி இருந்த எமக்கு இதன் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை.

இந்த ஓட்டங்களை நடத்துபவர்கள் அந்தந்த ஊரின் தொண்டர்கள். அவர்களில் ஒருவருக்கு ஒரு தனிப்பொறுப்பு உண்டு: எல்லோருக்கும் பின்னால் வருவது. யார் எவ்வளவு மெதுவாக நடந்தாலும் அவருக்குப் பின்னால் தொண்டர் ஒருவர் வருவார். ஆகவே வந்தவர்களில் எவரும் கடைசி ஆள் அல்ல. பிரித்தானியாவில் ஆண்டுகள் செல்லச்செல்ல ஓட்டத்தை முடிப்பவர்களின் சராசரி நேரம் கூடிக்கொண்டே வந்தது. அதாவது கூட்டம் மெதுவாகிக்கொண்டு வந்தது. நடத்துபவர்கள் அதற்காகக் கவலைப்படவில்லை. வயதானவர்களும் நோயாளரும் முன்பு ஓடிப் பழகாதவர்களும் வரத் தொடங்கியதன் அடையாளமாகவே அதைக் கண்டார்கள்.

பெறுபேறு எதற்காக?

2024 பெப்ரவரியில் பார்க்ரன் அமைப்பு ஒரு முடிவெடுத்தது. ஒவ்வோர் இடத்திலும் மிக வேகமாக ஓடியவர் யார் என்பன போன்ற சாதனைப் பட்டியல்களை வெளியிடுவதை நிறுத்தியது. புதியவர்கள் அவற்றைப் பார்த்து ‘இது எமக்கான இடம் அல்ல’ என்று ஒதுங்கக் கூடாது என்பது அதன் நோக்கம். ஓட்டக்காரர் பலர் கடுமையாக எதிர்த்தார்கள். உழைத்து ஓடியவரின் சாதனையை ஏன் மறைக்க வேண்டும் என்று கேட்டார்கள். ஆனால் ஒவ்வொருவருடைய நேரத்தையும் வரிசையையும் வாரந்தோறும் வெளியிடுவது நிற்கவில்லை.

இரு பக்கத்திலும் நியாயம் உண்டு. வேகமாக ஓடும் பிள்ளையை ஊர் கொண்டாடத்தான் வேண்டும். முள்ளியவளையைச் சேர்ந்த அகிலத்திருநாயகி 2023இல், தமது 72ஆவது வயதில், பிலிப்பைன்சில் நடந்த மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில் 1500 மீற்றர் ஓட்டத்திலும் 5000 மீற்றர் வேகநடையிலும் தங்கமும், 800 மீற்றர் ஓட்டத்தில் வெண்கலமும் வென்றபோது முல்லைத்தீவு முழுவதும் மகிழ்ந்தது. அந்த மகிழ்ச்சி நியாயமானது. ஆனால் அவரைப் பாராட்டிக் கைதட்டிய அதே வயதுத் தாய்மாரில் எத்தனை பேர் மறுநாள் வீட்டுப் படலையைத் தாண்டி நடக்கப் போனார்கள்? ஒருவரின் வெற்றி ஊரின் பெருமை. ஊரின் நலத்துக்கு நூறு பேரின் வருகை வேண்டும். இரண்டையும் ஒரே பட்டியலில் எழுதலாம். எதை முதலில் வாசிக்கிறோம் என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது.

எமக்கும் பட்டியல்களுக்கும் நீண்ட உறவு உண்டு. 1984 டிசம்பரில் கொக்கிளாயிலிருந்தும் அயற்கிராமங்களிலிருந்தும் நாம் வெளியேற்றப்பட்ட நாள் தொட்டு, எமது பெயர்களைப் பிறர்தான் எழுதி வந்திருக்கிறார்கள். நிவாரணப் பட்டியல், முகாம் பதிவு, வீட்டுத்திட்டப் பட்டியல், காணாமற் போனோர் பட்டியல் என்று அவை நீளுகின்றன. 2009இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமிலும் வரிசையில் நின்று பெயர் கொடுத்தோம். இவற்றில் பெயர் இருந்தால் அரிசி கிடைக்கும், விடுபட்டால் கிடைக்காது. நாமே கூடி, நாமே எழுதி, எவரிடமும் எதையும் கேட்காமல் ‘நாங்கள் இத்தனை பேர் இன்று வந்தோம்’ என்று சொல்லும் பட்டியல் எம்மிடம் மிகக் குறைவு. வாராந்த ஓட்டத்தின் கொப்பி அப்படி ஒன்றாக இருக்கும்.

அந்தக் கொப்பி இன்னொன்றையும் காட்டும். வாரந்தோறும் வந்த ஒருவர் மூன்று வாரம் வரவில்லை என்றால் அந்த இடம் வெறுமையாகத் தெரியும். காய்ச்சலா, கடன் தொல்லையா, வீட்டில் மனவருத்தமா என்று அறிந்துவர ஒருவர் போகலாம். போரில் உறவுகளை இழந்து தனித்து வாழும் தாய்மாருக்கும், குடிப்பழக்கத்தில் மெல்ல மெல்ல அமிழ்ந்து போகும் இளைஞருக்கும் பெரும்பாலும் இல்லாமற் போவது ‘ஏன் வரவில்லை?’ என்று கேட்க ஓர் ஆள்தான்.

எழும் கேள்விகள்

வயலிலும் கடலிலும் நாள்முழுதும் உழைப்பவனுக்கு ஓட்டம் எதற்கு என்று கேட்பார்கள். மண்வெட்டி பிடிப்பவருக்கு உடற்பயிற்சி தேவையில்லை என்பது ஒரு காலத்தில் பொருந்தியிருக்கலாம். இன்று உழவு, அரிவு வெட்டு எல்லாம் இயந்திரத்தில் நடக்கின்றன. காணி இழந்த குடும்பங்களுக்கு அந்த உழைப்பும் இல்லை. கிளினிக்கில் நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை எடுக்க நிற்பவர்களில் எமது கமக்காரக் குடும்பத்தவரும் இருக்கிறார்கள். வளர்ந்தவர் ஒருவர் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலசைவில் ஈடுபட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஐந்து கிலோமீற்றர் நடக்க ஒரு மணித்தியாலம் பிடிக்கும். அதில் மூன்றிலொரு பங்குக்கு மேல் ஒரே காலையில் கிடைத்துவிடும். நோயுள்ளவர்கள் மட்டும் வைத்தியரைக் கேட்டுத் தொடங்கட்டும்.

பெண்கள் எப்படி வீதியில் ஓடுவது என்று கேட்பார்கள். தனியே ஒருத்தி ஓடினால் ஊர் பேசும். நாற்பது பேர் சேர்ந்து நடந்தால் பேசுவதற்கு ஊரில் மிச்சம் எவர் இருப்பார்? மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் முன்னின்றால் இந்தத் தடை பாதி நீங்கிவிடும்.

பரிசு இல்லாவிட்டால் எவர் வருவார் என்று கேட்பார்கள். பரிசுக்காக வருபவர் பரிசு முடிந்ததும் போய்விடுவார். திட்டப்பணம் உள்ளவரை நடந்து, அது முடிந்ததும் நின்றுபோன எத்தனையோ வேலைகளை நாம் கண்டிருக்கிறோம். ஆகவே இதற்கு நிதியுதவி தேட வேண்டாம் என்பது எமது ஆலோசனை. தொடர்ந்து வருபவரை மதிக்க வேண்டுமானால், இருபத்தைந்தாம் முறை, ஐம்பதாம் முறை வருபவரின் பெயரைக் கூட்டத்தில் உரத்து வாசிக்கலாம்.

எல்லாவற்றிலும் கனமான கேள்வி ஒன்று உண்டு. 1984இல் விட்டுவந்த வயல்கள் எல்லாம் இன்னும் கைக்கு வரவில்லை, இந்த வேளையில் ஓட்டமா? ஓட்டம் காணியைத் திருப்பித் தராது. அப்படி எவராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால் காணிக்கான கூட்டத்துக்குப் பத்துப் பேர் மட்டும் வருவது ஏன் என்பதையும் எண்ணிப் பாருங்கள். நாற்பது ஆண்டுகளாகச் சிதறி வாழ்ந்து, ஒருவரையொருவர் வாரந்தோறும் காணும் பழக்கமே எமக்கு அற்றுப்போயிற்று. கூடிப் பழகாத ஊர் ஒரு கோரிக்கைக்காகத் திடீரென்று கூடாது.

தொடங்குவது எப்படி?

முதலில் பாதை. இரண்டரைக் கிலோமீற்றர் போய்த் திரும்பும் ஒரு வழி போதும். சைக்கிள் சில்லு ஒன்றில் துணி கட்டி, ஒரு சுற்றின் நீளத்தை நாடாவால் அளவுங்கள். அது 2.2 மீற்றர் என்றால் 1136 சுற்றில் இரண்டரைக் கிலோமீற்றர் வந்துவிடும். உலகின் பெரிய வீதி ஓட்டங்களுக்கும் சைக்கிளை வைத்தே பாதை அளக்கிறார்கள். யானை நடமாடும் பக்கத்தையும் வாகனங்கள் விரையும் நேரத்தையும் தவிருங்கள். சிறு பிள்ளைகளுக்கு 2 கிலோமீற்றர் போதும்.

அடுத்து நாளும் நேரமும். கமக்காரரும் கடற்றொழிலாளரும் கலந்து வாழும் ஊரில் எல்லோருக்கும் வசதியான நேரம் கிடைப்பது கடினம். கூடிப் பேசி ஒன்றை முடிவு செய்யுங்கள். முடிவு செய்தபின் மாற்றாதீர்கள். காலபோக விதைப்புக் காலத்தில் ஏழு பேர்தான் வந்தாலும் ஏழு பேரோடு நடத்துங்கள். வெள்ளம் பாதையை மூடினால் மட்டும் நிறுத்துங்கள்.

மூன்றாவது பதிவு. முடிவிடத்தில் ஒருவர் கைத்தொலைபேசியில் நேரம் பார்த்துச் சொல்ல, அருகில் நிற்பவர் வரிசை இலக்கத்தோடு எழுதட்டும். இன்னொருவர் வருபவரின் கையில் அதே இலக்கமிட்ட மட்டைத் துண்டைக் கொடுக்கட்டும். சற்றுத் தள்ளி நிற்பவர் அந்தத் துண்டை வாங்கிப் பெயரை எழுதட்டும். பலர் ஒன்றாக வந்து சேரும்போது பெயர் கேட்டு எழுத நேரம் போதாது. அதற்காகவே இந்த ஏற்பாடு. காலை இழந்தவர்களும் ஊன்றுகோலோடு வருபவர்களும் இந்தப் பொறுப்புகளை ஏற்கலாம், விரும்பிய தூரத்தை நடக்கவும் செய்யலாம். வேலை செய்தவர்களின் பெயரும் அன்றைய பட்டியலில் இருக்க வேண்டும்.

மறுநாள் பட்டியலை வாசிகசாலைச் சுவரிலோ கடை வாசலிலோ ஒட்டுங்கள். மேலே முதலில் எழுத வேண்டியது இவை: இன்று வந்தவர் எத்தனை பேர், புதிதாக வந்தவர் எத்தனை பேர், ஒவ்வொருவரும் இதுவரை எத்தனை முறை வந்திருக்கிறார்கள். நேரங்கள் அதற்குக் கீழே வரட்டும். பிள்ளை ஒன்று போன வாரத்தைவிட அரை நிமிடம் முன்னதாக வந்ததை அந்தப் பிள்ளையே கண்டுபிடித்துக்கொள்ளும்.

கமக்காரர் அமைப்பிலோ மாதர் சங்கத்திலோ அடுத்த கூட்டத்தில் இதைப் பேசிப் பாருங்கள். வேண்டியவை ஒரு கொப்பி, ஒரு பேனை, கொஞ்சம் மட்டை, நாலு பேரின் ஒத்துழைப்பு. இடம்பெயர்ந்து வேறு ஊரில் இருப்பவர்கள் அந்த ஊராரையும் சேர்த்துக்கொண்டு அங்கேயே தொடங்கலாம். பத்து வாரம் நடத்திய பின் கொப்பியை விரித்து வைத்து, இன்னும் வராத வீடு எது என்று பாருங்கள். பதினோராவது வாரம் அந்த வீட்டுப் படலையில் நின்று கூப்பிடுங்கள்.