மன்னித்தவள் திரும்பிப் போயே ஆக வேண்டுமா?

அடிபட்டுத் தாய் வீட்டுக்கு வந்த பெண்ணைச் சுற்றி இரண்டொரு நாளில் பஞ்சாயத்து கூடிவிடுகிறது. மாமனார், தாய்மாமன், ஊர்ப் பெரியவர் எல்லாரும் இருப்பார்கள். கணவன் தலையைத் தொங்கப்போட்டபடி, "இனிமே கை நீட்ட மாட்டேன்" என்பான். "அதான் தப்புன்னு ஒத்துக்கிட்டாரேம்மா, மன்னிச்சு விட்டுடு" என்று ஆரம்பிக்கிற பேச்சு, காப்பி ஆறுவதற்குள் "துணிமணிய எடுத்து வை, ராகு காலத்துக்கு முன்னாடி கிளம்பணும்" என்பதில் வந்து நிற்கும். மன்னிக்கச் சொல்லிக் கேட்டவர்கள், அவள் வாய் திறக்கும் முன்பே அவனை நம்பவும் வைத்துவிட்டார்கள். இது அநியாயம்.

மன்னிப்பது அவள் உரிமை. அவன் கேட்காமலேகூட மன்னிக்கலாம்; இனி அவன் முகத்தில் விழிப்பதில்லை என்று முடிவெடுத்துவிட்டும் மன்னிக்கலாம். நம்பிக்கை அப்படியல்ல. அதை அவன்தான் சம்பாதித்தாக வேண்டும், அதற்கு மாதக்கணக்கில் ஆகும். அடகு வைத்த தாலிக்கொடியை மீட்டுத் தந்தானா? குடியை விட்டானா? குழந்தையைப் பார்க்க வந்த இடத்தில் "இன்னைக்கு வேண்டாம்" என்று அவள் சொன்னால் சத்தம் போடாமல் திரும்பிப் போகிறானா? "மன்னிச்சுட்டேன்னு சொன்னியே, இன்னும் என்ன சந்தேகம்?" என்று கேட்கிறவன் திருந்தவில்லை. அவளுடைய பெருந்தன்மையையே அவளுக்கு எதிராகத் திருப்புகிறான்.

1981 மே 13 அன்று தம்மைச் சுட்ட மெஹ்மெத் அலி அக்சாவைப் போப் இரண்டாம் ஜான் பால் மன்னித்தார். 1983 டிசம்பரில் ரோம் சிறைக்கே போய் அவன் அருகில் அமர்ந்து பேசினார். அதற்காகச் சிறைக் கதவு அன்றே திறந்துவிடவில்லை. இத்தாலி அவனுக்குப் பொதுமன்னிப்பு அளித்தது 2000இல்தான். போப்பின் வாகனத்தில் குண்டு துளைக்காத கண்ணாடியும் வந்தது. அதனால் அவர் மன்னித்தது பொய் என்று யாரும் சொல்வதில்லை. நம் வீட்டுப் பெண் கதவைத் தாழிட்டால் மட்டும் 'கல்நெஞ்சக்காரி' என்கிறோம்.

பெரியவர்கள் எல்லாரும் கெட்ட எண்ணத்தோடு பேசுகிறார்கள் என்று நாம் சொல்லவில்லை. பேரப்பிள்ளைகளின் படிப்பும், 'வாழாவெட்டி' என்று ஊர் பேசும் பேச்சும் அவர்களை உறுத்துகின்றன. ஆனால் "நான் பொறுப்பு" என்கிற தாய்மாமன் இரவு பதினொரு மணிக்கு அந்த வீட்டில் இருக்கப் போவதில்லை.

நல்லெண்ணத்தில் பேசுகிறார்கள் என்ற இந்தச் சலுகைகூடக் காவல் நிலையத்துக்குக் கிடையாது. தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் 1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் தொடங்கப்பட்டது, இப்படி வரும் பெண்களின் குரல் கேட்கப்பட வேண்டும் என்பதற்காகத்தான். அங்கேயும் ஒரு வெள்ளைத்தாளில் எழுதி வாங்கிக்கொண்டு "சமாதானமா போங்க" என்று அனுப்பினால், அந்தத் தாளை அவன் மீறும்போது என்ன தண்டனை? குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி நீதித்துறை நடுவர் தரும் பாதுகாப்பு ஆணையை மீறினால் ஓராண்டு வரை சிறை உண்டு. அவள் அந்த வீட்டிலேயே இருக்க, அவனை வெளியேறச் சொல்லவும் அதே 2005ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது.

'சமரசம்' என்று எழுதுவதற்கு முன், உறவினர்களை வெளியே உட்காரவைத்துவிட்டு, அந்தப் பெண்ணிடம் தனியாகக் கேட்க வேண்டும்: பாதுகாப்பு ஆணை வேண்டுமா, மாவட்டப் பாதுகாப்பு அலுவலரை வரச் சொல்லட்டுமா, இன்று இரவு எங்கே தங்க விரும்புகிறாய் என்று.