முகம் காட்டாத நாராயணி

2022 பிப்ரவரி 22 அன்று, கொச்சியை ஒட்டிய திருப்பூணித்துறையில் கே.பி.ஏ.சி. லலிதா காலமானார். ஒன்பது நாள் கழித்து அமல் நீரத்தின் 'பீஷ்ம பர்வம்' வெளியானது. மட்டாஞ்சேரியை உள்ளடக்கிய பழைய கொச்சிதான் கதைக்களம். பழியை மறக்காத கிழவியாக லலிதா வந்தார். கணவராக நடித்த நெடுமுடி வேணு 2021 அக்டோபரிலேயே மறைந்துவிட்டார். இறந்துபோன இருவர் திரையில் பகை வளர்ப்பதைக் கேரளம் பார்த்தது.

தமிழர்களுக்கு அவர் 'காதலுக்கு மரியாதை'யில் ஷாலினியின் தாய். 'அலைபாயுதே'யில் மாதவனின் தாய். அந்த அறிமுகம் போதாது.

காயங்குளத்து மகேஸ்வரி, இடதுசாரி நாடகக் குழுவான கே.பி.ஏ.சி.யில் சேர்ந்து லலிதா ஆனார். குழுவின் பெயரே முன்னெழுத்தாக ஒட்டிக்கொண்டது. 1969இல் 'கூட்டுகுடும்பம்' மூலம் சினிமாவுக்கு வந்தார். அதன்பின் ஐநூறுக்கும் மேற்பட்ட படங்கள். நகைச்சுவை, வில்லத்தனம், கண்ணீர் எதுவும் அவருக்கு அந்நியமல்ல. கணவர் பரதன் இயக்கிய 'அமரம்', ஜெயராஜின் 'சாந்தம்' இரண்டுக்கும் தேசிய விருது பெற்றார். 1998இல் பரதன் மறைந்தபின் ஒதுங்கியிருந்தவர், மறு வருடமே 'வீண்டும் சில வீட்டுகார்யங்ங'ளில் திரும்பினார். தொலைக்காட்சியில் 'தட்டீம் முட்டீம்' தொடரின் மாமியாராக வீடுவீடாகச் சிரிக்க வைத்தார்.

ஆனால் அவரது உச்சம், அவர் தென்படவே படாத படம். பஷீரின் நாவலை வைத்து அடூர் கோபாலகிருஷ்ணன் எடுத்த 'மதிலுகள்' (1990). சிறைச் சுவருக்கு இந்தப் பக்கம் மம்மூட்டி. அந்தப் பக்கம் பெண் கைதி நாராயணி. அவளுக்கு உருவம் கிடையாது, குரல் மட்டுமே. அந்தக் குரல் லலிதாவுடையது. குறும்பு, ஏக்கம், தனிமை, உடல் தாகம் அனைத்தையும் அது ஒன்றே சுமக்கிறது. கேட்ட மாத்திரத்தில் யாரென்று மலையாளிகள் சொல்லிவிடக்கூடிய குரல்தான். ஆனாலும் சில நிமிடங்களில் லலிதா மறைந்து நாராயணி எஞ்சுகிறாள்.

தமிழ் சினிமாவில் 'துணை நடிகை' என்றால் கூட்டத்தில் நிற்பவர் என்று அர்த்தம். லலிதா போன்றவர்களைக் 'குணச்சித்திரம்' என்று மரியாதையாக அழைத்துவிட்டு, அம்மா வேடத்தையே திரும்பத் திரும்பக் கொடுப்போம். லலிதா அந்த அம்மாக்களில் ஒருத்தியைப் போல் இன்னொருத்தி இல்லாதபடி பார்த்துக்கொண்டார். அது அவருடைய திறமை. நடுவயதுப் பெண்ணை மையமாக்கிக் கதை எழுத வேண்டியது மற்றவர்களின் பொறுப்பு. ஐநூறு படங்களில் அந்தக் கடன் எவ்வளவு தீர்ந்தது என்று மலையாள சினிமா மட்டுமல்ல, கோடம்பாக்கமும் கணக்குப் பார்க்கலாம்.