வாங்கிலிருந்தவன் கணக்கு

விளையாட்டுச் செய்திகளை வாசிப்போர் பெரும்பாலும் எந்த அணி வென்றது, எத்தனை புள்ளி பெற்றது என்பதோடு அமைந்துவிடுவர். அமெரிக்கக் கல்லூரிகளின் கூடைப்பந்தாட்டத்தைத் தொடர்ந்து கவனிக்கும் அந்நாட்டு மக்களோ மற்றுமொரு விபரத்தையும் உன்னிப்பாக நோக்குகின்றனர். ஒவ்வோர் ஆட்டத்தின் பின்னும் வெளியாகும் அட்டவணையில் ஒவ்வொரு மாணவனின் பெயருக்கும் நேரே, அவன் எத்தனை நிமிடம் களத்தில் நின்று ஆடினான் என்பது குறிக்கப்பட்டிருக்கும். நவம்பர் தொடங்கி மார்ச் வரை இந்நிமிடங்களை ஆட்டம் ஆட்டமாகத் தொகுத்து வைப்பது அங்கே பலருக்கு ஒரு பொழுதுபோக்கு. அட்டவணையில் பெயருள்ள மாணவனுக்கும் அவனைப் பெற்றோருக்குமோ அது பொழுதுபோக்கன்று. ஒரு மாணவனின் தகுதியை அவனுக்குக் கிடைத்த நிமிடங்களைக் கொண்டு அளத்தல் முறையாகுமா என்னும் வினா, பந்தைத் தொட்டறியாதவர்க்கும் உரியதே. ஆதலின் அதனை இவ்வாரம் ஆராய்வோம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஆடவர் கல்லூரி ஆட்டம் 20 நிமிடங்கொண்ட இரு பகுதிகளாக நடைபெறுவது. மகளிர் ஆட்டம் 2015-16ஆம் பருவகாலம் முதல் 10 நிமிடங்கொண்ட நான்கு பகுதிகளாக நடைபெறுகின்றது. எவ்வாறாயினும் மொத்தம் 40 நிமிடமே. ஓரணியில் ஒரே வேளையில் ஐவர் ஆடுவர். எனவே ஓராட்டத்தில் ஓரணிக்குக் கிடைப்பன 200 ஆள்-நிமிடங்கள். இரு அணிகளும் சமநிலையில் நின்றால் மேலதிகமாக 5 நிமிடம் ஆடப்பெறும். அப்போது 25 கூடும். வேறெவ்வழியாலும் இத்தொகை வளராது. ஒருவனுக்கு ஒரு நிமிடம் கூட்டினால் மற்றொருவனிடமிருந்து அது கழிக்கப்படுதல் வேண்டும்.

முதற்பிரிவு ஆடவர் அணியொன்று 2025 வரை 13 பேருக்குப் புலமைப்பரிசில் வழங்கலாம் என்பது விதி. 200 நிமிடத்தைப் பதின்மூவர்க்கும் சமமாகப் பகிர்ந்தால் ஆளுக்கு 15 நிமிடத்திற்குச் சற்று அதிகமாகக் கிடைக்கும். ஆயினும் அவ்வாறு பகிரும் பயிற்றுநரைக் காண்டல் அரிது. முதல் ஐவரும் ஆளுக்கு 32 நிமிடம் ஆடினார்களாயின் 160 நிமிடம் போய்விடும். எஞ்சிய 40 நிமிடத்தை மூவர் பங்கிட்டுக்கொள்வர். மற்றை ஐவரும் வியர்வை துடைக்கும் துவாயுடன் வாங்கிலிருந்து கைதட்டுவர்.

இவ்வாட்டம் பிறந்த நாளில் வாங்கிலிருப்போர் என்று ஒருவரும் இலர். 1891ஆம் ஆண்டு டிசம்பரில் மசாசூசெற்ஸ் மாநிலத்து ஸ்பிறிங்பீல்ட் நகரில், ஜேம்ஸ் நெயிஸ்மித் என்னும் ஆசிரியர், குளிர்காலத்தில் மண்டபத்தினுள்ளே ஆடுதற்கென இதனை வகுத்தார். அவருடைய வகுப்பில் இருந்தோர் 18 பேர். ஆகவே அணிக்கு ஒன்பதின்மராகப் பதினெண்மரும் ஆடினர். ஒரு மாணவனையும் ஒதுக்கிவைக்க அவருக்கு நோக்கமில்லை. ஆட்டம் போட்டியாக வளர்ந்த பின்னரே, ஐவரைத் தெரிந்தெடுத்து ஏனையோரை இருத்தும் வழக்கம் வேரூன்றியது. பின்னர் 1944-45இல், எத்தனை முறையும் ஆட்டக்காரரை மாற்றலாம் என விதி தளர்ந்தது. அதன் பயனாக, நிமிடங்களைப் பங்கிடும் பொறுப்பு முழுவதும் பயிற்றுநர் கையில் வந்து சேர்ந்தது.

நிமிடத்தைக் கணக்கெடுக்கும் முறை எளியது. களத்தருகேயுள்ள மேசையிலிருப்போர், ஒருவன் உள்ளே புகும்போதும் வெளியேறும்போதும் ஆட்ட மணிக்கூடு காட்டும் நேரத்தைப் பதிந்துகொள்வர். இரண்டிற்குமுள்ள வேற்றுமையே அவன் ஆடிய நேரம். மத்தியஸ்தர் ஊதியவுடன் அம்மணிக்கூடும் நின்றுவிடுமாதலின், வீணான நேரம் கணக்கிற் சேராது. முன்னர் பென்சிலாற் செய்த இவ்வேலையை இக்காலத்திற் கணினி செய்கின்றது.

எடுத்த கணக்கை வாசித்தறிவதே கடினம். இரு மாணவர் 30 ஆட்டங்களில் ஆளுக்கு 360 நிமிடம் ஆடினர் எனக் கொள்வோம். இருவர்க்கும் சராசரி 12 நிமிடம். ஒருவன் முதற் பத்து ஆட்டங்களிலும் 20 நிமிடம் ஆடிப் பின்னை இருபதிலும் 8 நிமிடமாகத் தேய்ந்தவன். மற்றவன் முதற் பத்திலும் 4 நிமிடம் மட்டுமே பெற்றுப் பின்னை இருபதில் 16 நிமிடமாக வளர்ந்தவன். சராசரி இருவரையும் ஒன்றெனக் காட்டும். மாதவாரியாகப் பிரித்து நோக்கினால் ஒருவன் நம்பிக்கை இழந்தவன், மற்றவன் நம்பிக்கை ஈட்டியவன் என்பது புலனாகும். நவம்பர், டிசம்பர் மாதங்களில் வலிமை குன்றிய அணிகளோடும் பல ஆட்டங்கள் நடைபெறும். அப்போது பயிற்றுநர் தாராளமாகப் பலரைக் களமிறக்குவார். ஜனவரி முதல் தமது குழுமத்துக் கல்லூரிகளோடு மோதும்போதுதான் அவர் மெய்யாக யாரை நம்புகிறார் என்பது வெளிப்படும்.

வேறு மயக்கங்களும் உள. ஐந்து தவறு செய்தவன் வெளியேறல் வேண்டும் என்பது விதி. எனவே தொடக்கத்திலேயே இரண்டு தவறு செய்தவனைப் பயிற்றுநர் பெரும்பாலும் வாங்கில் இருத்திவிடுவார். அன்று அவனுக்குக் குறைந்தது நேரமேயன்றித் திறமையன்று. ஆட்டம் முடிவாகிவிட்ட இறுதி நான்கு நிமிடத்தில் நுழைந்து 4 புள்ளி எடுத்தவனைக் குறித்து, 40 நிமிடமும் விட்டிருந்தால் 40 புள்ளி எடுத்திருப்பான் என்று கணக்கிடுதலும் பேதைமையே. வளிமண்டலவியல் பயின்ற கென் பொமரோய் என்பவர் அணிகளைப் புள்ளிவிபரத்தால் ஆராய்ந்து புகழ்பெற்றவர். அணிக்கு இருந்த நேரத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு ஒருவன் ஆடினான் என்பதை அவர் தனியே வெளியிடுகின்றார். அதுவும் ‘எவ்வளவு’ என்பதற்கே விடை. ‘ஏன்’ என்பதற்கு விடையன்று.

இதற்குத் தக்க சான்று கலிபோர்ணியா சர்வகலாசாலையின் லொஸ் ஏஞ்சல்ஸ் கிளையிலே கிடைக்கின்றது. அங்கே பயிற்றுநராயிருந்த ஜோன் வூடன் தொடக்கத்தில் உயர்தரப் பாடசாலைகளில் ஆங்கிலம் கற்பித்தவர். 1964 முதல் 1975 வரை பத்து முறை அவர் அணி தேசிய வெற்றிக்கிண்ணம் பெற்றது. பிற்காலத்திற் கரீம் அப்துல் ஜபார் எனப் பெயர் பூண்ட நெடியவர் 1965இல் அங்கே முதலாண்டு மாணவர். அவ்வாண்டு நவம்பரில் முதலாண்டு மாணவர் அணி, நாட்டிற் சிறந்ததெனப் பெயர்பெற்ற மூத்தோர் அணியை 75-60 என வென்றது. ஆயினும் முதலாண்டு மாணவர் மூத்தோர் அணியில் ஆடலாகாது என்பது அந்நாளைய விதி. அது 1972இலேதான் நீங்கிற்று. ஆகவே அப்பருவகாலத்து மூத்தோர் அணிக் கணக்கில் அவருடைய நிமிடம் சுழியமே.

இன்னும் வியப்பானது சுவென் நேற்றர் என்பவரின் வரலாறு. ஒல்லாந்தில் பிறந்த இவர் 1971 முதல் 1973 வரை இரு பருவகாலங்கள் வூடனிடம் இருந்தார். அதே அணியில் அதே இடத்தில் ஆடியவர் பில் வோல்ற்றன். அவ்விரு ஆண்டுகளிலும் அணி ஒராட்டத்திலேனும் தோற்றதில்லை. வோல்ற்றன் நின்ற இடத்தில் மற்றொருவர்க்கு நிமிடம் ஏது? நேற்றர் அக்கல்லூரிக்காக ஓராட்டத்தையேனும் முதல் ஐவருள் ஒருவராகத் தொடங்கியதில்லை. ஆனால் நாட்டின் தலைசிறந்த ஆட்டக்காரரோடு நாடோறும் பயிற்சிக் களத்தில் பொருதியவர் அவரே. அந்நேரத்தை எந்த அட்டவணையும் பதியவில்லை. 1973இல் தொழில்முறை அணிகள் வீரரைத் தெரிந்தெடுத்தபோது, முதற் சுற்றிலேயே அவர் பெயர் அழைக்கப்பட்டது. மறுவருடம் அமெரிக்கக் கூடைப்பந்தாட்டச் சங்கத்தின் சிறந்த புதுமுக வீரர் என்னும் விருதையும் பெற்றார். கூடையிற் பட்டுத் திரும்பும் பந்தைக் கைப்பற்றுவதில், அக்காலத்து இரு பெருந் தொழில்முறைச் சங்கங்களிலும் வெவ்வேறு ஆண்டுகளில் முதலிடம் பெற்றவரும் அவரே.

வூடனின் பயிற்சி எத்தகையது? 1974-75இல் கல்லிமோர், தார்ப் என்னும் இரு உளநூலறிஞர் பயிற்சிக் களத்தில் அமர்ந்து அவருடைய கூற்றுகளை ஒவ்வொன்றாகக் குறித்தனர். புகழ்தலும் கடிதலும் சொற்பமாயிருந்தன; எதனை எவ்வாறு செய்தல் வேண்டும் என்னும் குறுகிய அறிவுரைகளே மிகுந்திருந்தன. அத்தகைய களத்தில் ஒரு மணி நேரம் நின்றவன், ஆட்டத்தில் ஒரு நிமிடமும் பெறாதிருப்பினும் வெறுங்கையனாகான்.

ஆயினும் காத்திருத்தல் எல்லார்க்கும் நன்றென்று கூறிவிடவும் இயலாது. முன்னர் ஒரு கல்லூரியை விட்டு மற்றொன்றிற்கு மாறும் ஆட்டக்காரன் ஓராண்டு ஆடாதிருத்தல் வேண்டும். 2021இல் முதன்முறை மாறுவோர்க்கு அத்தடை நீங்கிற்று. 2024 முதல் படிப்பிற் குறையில்லாதவன் எத்தனை முறையும் மாறலாம். தம் பெயராற் பொருளீட்டவும் 2021 முதல் மாணவர்க்கு உரிமை உண்டு. எனவே நிமிடம் பணமுமாயிற்று. பருவகாலம் முடிந்ததும் முதற்பிரிவு ஆடவருள் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் ஆண்டுதோறும் இடமாற்றத்திற்குப் பெயர் பதிகின்றனர். அவர்களுள் நியாயமான வாய்ப்பின்றி வாடியவரும் உளர். நான்கு மாதப் பொறுமையற்றவரும் உளர். அட்டவணை இருசாராரையும் பிரித்துக் காட்டாது.

ஆகவே பெற்றோரும் மாணவரும் கேட்கத்தக்க கேள்வி ஒன்றுண்டு. எத்தனை நிமிடம் கிடைத்தது என்று கேட்குமுன், களத்திற்கு வெளியே கழிந்த நாட்களில் என்ன கற்பிக்கப்பட்டது, என்ன கற்கப்பட்டது என்று கேட்டல் வேண்டும். நவம்பரில் இயலாத ஒன்று மார்ச்சில் இயலுமாயின் காத்திருத்தல் பயனுடையது. வாங்கிலிருக்கும் பிள்ளையை எவரும் திரும்பிப் பாராமலும், ஒன்றும் கற்பிக்காமலும் விட்டிருப்பின், அவன் புறப்படுதலிற் குற்றமில்லை. 200 நிமிடத்தைப் பதின்மூவர்க்கும் ஒப்பப் பகிரும் கடமை ஆசிரியர்க்கு இல்லாதிருக்கலாம். பயிற்சியையும் கவனிப்பையும் ஒப்பப் பகிரும் கடமையோ அவர்க்கு என்றும் உண்டு.